நாலு மரக்கால், இரண்டு படி, ஏழு ஆழாக்கு

சேலத்தின் தொலைபேசிக் குறியீட்டு எண் 0427. கைபேசி வந்த பிறகு அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பழைய கடைப் பலகைகளில் மட்டும் அந்த நான்கு இலக்கங்கள் இன்னும் முன்னால் நிற்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன், நூல் வியாபாரி ஒருவருக்காக வாடிக்கையாளர் பட்டியலைக் கணினியில் ஏற்றித் தரும் வேலை என்னிடம் வந்தது. சி மொழியில் சிறிய புரோகிராம் எழுதி, ஊர்க் குறியீடுகளை எண்களாகவே அடித்தேன். ஓட்டிப் பார்த்தபோது சேலத்துக்கு நேரே 279 என்று வந்தது. ஈரோட்டின் 0424, 276 ஆகியிருந்தது. நாமக்கல்லின் 04286ஐச் சேர்த்ததும் புரோகிராம் ஓடவே மறுத்தது. ராசிபுரத்தின் 04287, திருச்செங்கோட்டின் 04288 இரண்டுக்கும் அதே கதிதான்.

காரணம் எளிது. சி மொழியில் ஓர் எண்ணின் முன்னால் பூஜ்யம் போட்டால், அது எட்டடிமானத்தில் எழுதிய எண் என்று பொருள். நாம் அன்றாடம் எழுதுவது பத்தடிமானம்: ஒன்று, பத்து, நூறு என்று ஒவ்வோர் இடமும் பத்து மடங்கு ஏறும். எட்டடிமானத்தில் ஒன்று, எட்டு, அறுபத்து நான்கு என்று எட்டு எட்டு மடங்காக ஏறும். ஆகவே 427 என்பது நான்கு அறுபத்து நான்கு, இரண்டு எட்டு, ஏழு ஒன்று. கூட்டினால் 279. இந்த முறையில் 0 முதல் 7 வரை எட்டு இலக்கங்களே உண்டு. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு மூன்றின் குறியீட்டிலும் 8 இருப்பதால் அவை அந்த முறையில் எண்களே அல்ல.

அன்று மாலை வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அறுபத்து நாலு நாலு, எட்டு ரெண்டு, ஒண்ணு ஏழு என்று நான் விளக்கி முடிப்பதற்குள், திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாரு சொன்னார்: "அதென்ன கண்ணு, நாலு மரக்கா, ரெண்டு படி, ஏழு ஆழாக்கு. இதுக்கா இத்தனை நேரம்?" வயது எண்பதைத் தாண்டியவர். சோளமும் கம்பும் களத்தில் அளந்தே வளர்ந்த கை அது. கணினி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் 427 என்ற எண்ணை நான் படித்ததைவிடச் சரியாக அவர் படித்துவிட்டார். அன்றிலிருந்து இந்த எண் என்னை விட்டுப் போகவில்லை.

பழைய தமிழ் முகத்தல் வாய்பாட்டை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. பின்னாளில் நாழியின் இடத்தைப் படி என்ற பெயர் பிடித்துக்கொண்டது. 8 நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் இந்த ஏணி இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதையே நெல்லிலக்கம் என்ற பெயரில் மனப்பாடம் செய்தார்கள். எண்களுக்குப் பொன்னிலக்கம், தானிய அளவுக்கு நெல்லிலக்கம் என்று இரண்டு தனித்தனிச் சுவடிகள். இந்தக் கல்வியைப் பற்றி செந்தில் பாபு எழுதி 2022இல் வந்த ஆங்கில நூல், அந்த மனப்பாடத்தை வெறும் உருப்போடலாகப் பார்க்காமல் ஒரு கணித மரபாக எடுத்து ஆராய்கிறது. பிள்ளைகளின் நாவில் ஏறிய அந்த வரிசையில் என்ன கணிதம் இருந்தது என்பதுதான் இங்கே என் கேள்வி.

ஆழாக்கிலிருந்து எண்ணினால் எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். சென்னை மாகாண அரசின் அளவுப் பட்டியல்களும் இதே எட்டு எட்டைத்தான் ஆங்கிலத்தில் எழுதிவைத்தன. படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. ஒரு சந்தையின் படியை இன்னொரு சந்தைக்காரர் நம்பமாட்டார். அதற்காகத்தான் சோழர் காலத்தில் மரக்காலுக்கே பெயர் வைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்தது ஆடவல்லான் என்னும் மரக்காலால். கொள்ளளவு எப்படி மாறினாலும் எட்டு என்ற விகிதம் நின்றது. ஒருவர் இத்தனை மரக்கால், இத்தனை படி, இத்தனை ஆழாக்கு என்று சொல்லும்போது, ஒவ்வொன்றும் ஏழைத் தாண்டாமல் இருந்தால், அவர் எட்டடிமானத்தில் மூன்றிலக்க எண் ஒன்றைச் சொல்லிவிட்டார்.

எட்டு எட்டாகப் போவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நடுவிலிருக்கும் பாத்திரங்கள். படிக்குக் கீழே ஆழாக்கு, உழக்கு, உரி என்று மூன்று. ஆழாக்கை ஒன்று என்று வைத்தால் உழக்கு இரண்டு, உரி நான்கு. இந்த மூன்றையும் ஆளுக்கொரு தடவை முகந்தோ முகக்காமல் விட்டோ 0 முதல் 7 வரை எந்த அளவையும் கொண்டுவந்துவிடலாம். மூன்று ஆழாக்கு வேண்டுமா, உழக்கும் ஆழாக்கும். ஐந்துக்கு உரியும் ஆழாக்கும். ஆறுக்கு உரியும் உழக்கும். ஏழுக்கு மூன்றும். எட்டு வந்ததும் படி வந்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து. மரக்காலுக்கு மேலும் இதே அமைப்புதான்: குறுணி ஒன்று, பதக்கு இரண்டு, தூணி நான்கு. படிக்கும் மரக்காலுக்கும் இடையில் மட்டும் பழைய ஏணியில் தனிப்பெயர் இல்லை. கல்வெட்டுகள் நானாழி என்று எண்ணைச் சேர்த்தே சொல்கின்றன. எங்கள் பக்கத்தில் அந்த இடத்தையும் நிரப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் வள்ளம் என்றால் நான்கு படி.

எனவே 427ஐக் களத்தில் அளக்க ஒரு தூணி, இரண்டு படி கொள்ளும் ஒரு பாத்திரம், ஓர் உரி, ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு போதும். ஐந்தே முகப்பு. 279 ஆழாக்கை ஆழாக்கால் அளந்தால் பொழுது சாய்ந்துவிடும். இந்த ஐந்து என்ற எண்ணிக்கையும் தற்செயலானதல்ல. கணினி 279ஐ இரண்டடிமானத்தில், அதாவது பைனரியில், 100 010 111 என்று வைத்திருக்கும். அதில் எத்தனை ஒன்றுகள் உண்டோ அத்தனை முகப்பு. நான்கு என்பது 100, இரண்டு என்பது 010, ஏழு என்பது 111. எட்டடிமான இலக்கம் ஒவ்வொன்றும் மூன்று பைனரி இலக்கங்களின் சுருக்கெழுத்து. உரி, உழக்கு, ஆழாக்கு மூன்றும் சேர்ந்து ஓர் இலக்கம் ஆவது இதேதான்.

அளப்பதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள், லாபம் என்பார்கள். அப்புறம் ரெண்டு, மூணு. தலைதட்டி அளப்பதா குவித்து அளப்பதா என்பதை முன்னாலேயே பேசிக்கொள்வார்கள். கூலியாக நெல் வாங்கும் பெண்கள், அளப்பவரின் உள்ளங்கை மரக்காலின் வாயில் எப்படி வழிக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூலி அளந்தானபின் அதைப் பங்கு போடுவது அவர்கள் வேலை. அந்தப் பங்கீட்டில்தான் எட்டடிமானத்தின் முதல் அழகு இருக்கிறது.

ஏழு பேர் சேர்ந்து வேலை செய்தார்கள். கிடைத்தது நாலு மரக்கால், இரண்டு படி, ஏழு ஆழாக்கு. எப்படிப் பிரிப்பது? ஒரு மரக்காலை எட்டுப் படியாகப் பார்த்தால் ஆளுக்கு ஒரு படி போக ஒரு படி மிஞ்சும். நான்கு மரக்காலுக்கு ஆளுக்கு நான்கு படி. மிச்சம் நான்கு படி. முன்பே இருந்த இரண்டைச் சேர்த்தால் ஆறு படி. ஒவ்வொரு படியிலும் ஆளுக்கு ஓர் ஆழாக்கு போக ஓர் ஆழாக்கு மிஞ்சும். ஆறு படிக்கு ஆறு ஆழாக்கு. முன்பே இருந்த ஏழுடன் பதின்மூன்று. ஆளுக்கு ஒன்று கொடுத்தால் மிச்சம் ஆறு. ஆக, ஆளுக்கு நான்கு படி ஏழு ஆழாக்கு, மேலே ஆறு ஆழாக்கு மிச்சம். இலக்கங்களை மட்டும் பாருங்கள்: 4 + 2 + 7 = 13; அதில் ஒரு ஏழு போக 6. எட்டடிமானத்தில் எழுதிய எந்த எண்ணையும் ஏழால் வகுக்கும்போது வரும் மீதி, அதன் இலக்கங்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் வரும் மீதியேதான். பத்தடிமானத்தில் ஒன்பதுக்கு இருக்கும் அதே வசதி இங்கே ஏழுக்குக் கிடைக்கிறது. பள்ளியில் ஏழின் வகுபடும் தன்மை என்றால் பிள்ளைகள் திணறுவார்கள். சுற்றிவளைத்த விதி ஒன்றை உருப்போட வைப்போம். தானியத்தை எட்டு எட்டாக அளந்தவர்களுக்கு அது பங்கு போடும்போதே கைக்கு வந்துவிடும்.

ஒன்பது பேர் என்றால்? மரக்காலில் அறுபத்து நான்கு ஆழாக்கு. ஆளுக்கு ஏழு போக ஒன்று மிச்சம். நான்கு மரக்காலுக்கு நான்கு மிச்சம். படியில் எட்டு ஆழாக்குதான். ஒன்பது பேருக்கு ஆளுக்கொன்று கொடுக்க ஒன்று கடன் வாங்க வேண்டும். இரண்டு படிக்கு இரண்டு கடன். நான்கில் இரண்டு போய் இரண்டு, கையிலிருக்கும் ஏழுடன் ஒன்பது. ஆளுக்கொன்று, மிச்சமே இல்லை. 7 − 2 + 4 = 9 என்று இலக்கங்களை மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் ஒன்பதின் மீதி வந்துவிடுகிறது. 279 என்பது 9 × 31. இரண்டு, நான்கு, எட்டுக்கு வகுபடுமா என்று அறியக் கடைசி இலக்கம் ஒன்றே போதும். நம் எண்ணில் அது ஏழு, இந்த மூன்றில் எதற்கும் வகுபடாது.

இவ்வளவு பொருத்தம் கண்டதும் சிலர் ஒரு படி மேலே போகிறார்கள். தமிழர்கள் ஆதியில் எட்டு வரைதான் எண்ணினார்கள் என்பது அவர்கள் வாதம். ஒன்பது என்ற சொல் பத்தை ஒட்டிப் பிறந்தது, தொண்ணூறு நூறை ஒட்டிப் பிறந்தது, ஆகவே எட்டோடு எண்கள் முடிந்தன என்கிறார்கள். அமெரிக்கத் தொல்லியலாளர் வால்டர் ஃபேர்சர்விஸ் 1983இல் சிந்துவெளி எழுத்தைப் பற்றி எழுதியபோது, அந்த மக்கள் எட்டடிமானத்தில் எண்ணினார்கள் என்று கருதி அதைத் திராவிட மொழிகளோடு இணைத்தார். சிந்துவெளி எடைக்கற்கள் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துப் போவது உண்மை. ஆனால் மொழியைப் பற்றிய வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்பது பத்திலிருந்து பிறந்தது என்றால், அதற்கு முன்பே பத்து இருந்தாக வேண்டும். அது பத்தடிமானத்துக்குச் சாட்சி. தொல்காப்பியத்திலும் பரிபாடலிலும் ஒன்பதுக்குத் தொண்டு என்ற தனிச்சொல்லே இருக்கிறது. அப்படியிருக்க எண்ணிக்கை எட்டில் நின்றது என்பது எப்படி? விரலிடுக்குகளை எண்ணி எட்டடிமானத்துக்கு வந்த மக்கள் உலகில் உண்டு. கலிஃபோர்னியாவின் யூகி மக்கள் அப்படி எண்ணினார்கள். தமிழர் வாயால் எண்ணியது பத்தில்தான். கையால் அளந்தது எட்டில். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன, அவ்வளவுதான்.

ஏன் எட்டு என்றால், பாதியாக்குவது கைக்கு எளிது. குவியலைக் கண்ணால் பார்த்தே இரண்டாக்கலாம், ஐந்தாக்க முடியாது. மூன்று முறை பாதியாக்கினால் எட்டில் ஒன்று, நம் அரைக்கால். ஸ்வீடனில் ஸ்வீடன்போர்க் 1718இலும், அமெரிக்கக் குடியேற்றத்தில் ஹியூ ஜோன்ஸ் என்ற பாதிரியார் 1745இலும் எட்டடிமானக் கணக்கை முன்மொழிந்து எழுதினார்கள். பாதி, அதில் பாதி என்று போகும் வீட்டு அளவுகளும் ஜோன்ஸின் காரணங்களில் ஒன்று. அவர்கள் ஏட்டில் முன்மொழிந்ததை நம் சந்தைகள் நடைமுறையில் வைத்திருந்தன.

முழுவதும் எட்டு என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஏணியின் அடியில் ஐந்து செவிடு இருக்கிறது, உச்சியில் மூன்று தூணி இருக்கிறது. நிறுத்தலில் 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. நடுவில் ஐந்து வந்து நுழைந்துவிடுகிறது. பின்னங்களில் இந்த ஐந்தும் எட்டும் பழகும் விதம் அருமையானது. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. இரண்டையும் சேர்த்தால் மாகாணி; அது பதினாறில் ஒன்று. ஐந்தின் வழியில் போய் இரண்டின் வழியில் வந்து சேருகிறார்கள். முந்திரி என்பது 320இல் ஒன்று. 320 என்றால் ஐந்து அறுபத்து நான்கு. எட்டடிமானத்தில் எழுதினால் 500. பாதியாக்குபவர்களுக்கும் ஐந்தாக்குபவர்களுக்கும் பொதுவான ஓர் எண்ணைத் தேடிப் பிடித்து, அதில் ஒரு பங்கைத் தம் சிற்றலகாக வைத்த ஒருவரின் அறிவு அதில் தெரிகிறது. ஏனென்றால் எட்டடிமானத்தின் பலவீனமே ஐந்துதான். ஐந்தில் ஒன்றை அதில் எழுதினால் புள்ளிக்குப் பின் 1463 1463 என்று முடிவில்லாமல் ஓடும். பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்று ஓடுவதைப் போல.

1957 ஏப்ரல் 1இல் நாணயம் பத்தடிமானத்துக்கு மாறியபோது இந்தப் பிணக்கு தெருவுக்கு வந்தது. எட்டணா 50 காசு, நாலணா 25 காசு. அதுவரை சரி. இரண்டணா பன்னிரண்டரை, ஓரணா ஆறேகால். அரைக்காலும் மாகாணியும் காசுக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றன. 25 காசு 2011 ஜூன் இறுதியில் செல்லாமல் போகும்வரை, நாலணா, எட்டணா என்ற சொற்கள் மட்டும் பத்தடிமான நாணயங்களின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தன. மெட்ரிக் அளவு வந்து மரக்காலும் உழக்கும் ஒதுங்கின. பொரி மட்டும் இன்றும் பல ஊர்களில் படிக் கணக்கில் விற்கிறது. மெட்ரிக் வந்ததில் எனக்குக் குறையில்லை. ஊருக்கொரு படி வைத்து ஏமாற்றியதிலிருந்து கூலிக்காரரைக் காப்பாற்றியது அதுதான். கைக்குள் இருந்த ஒரு கணக்கு, எழுதிவைக்கப்படாமலே நழுவியதுதான் வருத்தம்.

நழுவிய அதே சமயத்தில் அது வேறு வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. 1965இல் வந்த பிடிபி-8 கணினியின் சொல் நீளம் 12 பிட்; முகப்பிலிருந்த விசைகளை மூன்று மூன்றாகப் பிரித்து நிறம் தீட்டியிருந்தார்கள். நான்கு எட்டடிமான இலக்கங்களில் ஒரு சொல் அடங்கிவிடும். ஐபிஎம் நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 எட்டு பிட்டை ஒரு பைட்டாக்கியது. எட்டு, மூன்றால் வகுபடாது. ஒரு பைட்டின் உச்சமான 255ஐ எட்டடிமானத்தில் எழுதினால் 377. முதல் இலக்கம் மூன்றோடு நின்றுவிடுகிறது. அதனால் பதினாறடிமானம் முன்னுக்கு வந்தது. ஆனாலும் யூனிக்ஸ், லினக்ஸ் இயக்குதளங்களில் கோப்புகளுக்கான அனுமதி இன்றும் எட்டடிமானம்தான். படிக்க 4, எழுத 2, இயக்க 1. 755 என்றால் உரிமையாளருக்கு மூன்றும், குழுவினருக்கும் மற்றவர்களுக்கும் படிக்கவும் இயக்கவும் மட்டும். 4, 2, 1 என்பதை உரி, உழக்கு, ஆழாக்கு என்று சொல்லிக்கொடுத்தால் ஒரு மாணவர் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார். நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன். சேலம் சமவெளிக்கு மேல் பறந்துபோகும் விமானங்களும் எட்டடிமான எண்ணைச் சுமந்துதான் போகின்றன. தரைக்கட்டுப்பாட்டு மையம் தரும் நான்கிலக்கக் குறியீடு 0000 முதல் 7777 வரை. அதில் எட்டும் ஒன்பதும் வராது. ஆபத்து என்றால் 7700.

இதுவரை சொன்னது வசதி பற்றி. இனி, எட்டடிமானத்தில் எழுதினால் மட்டும் கண்ணுக்குத் தெரியும் ஓர் உண்மை. ஒற்றைப்படை எண்களின் வர்க்கங்களை எடுத்து எட்டில் எழுதுங்கள். 9 என்பது 11. 25 என்பது 31. 49 என்பது 61. 81 என்பது 121. 121 என்பது 171. 169 என்பது 251. எல்லாம் 1இல் முடிகின்றன. அந்த ஒன்றை அழித்துவிட்டு முன்னால் நிற்பதைப் படியுங்கள்: 1, 3, 6, 12, 17, 25. இவற்றைப் பத்தடிமானத்துக்கு மாற்றினால் 1, 3, 6, 10, 15, 21. ஒன்று, ஒன்றும் இரண்டும், ஒன்றும் இரண்டும் மூன்றும் என்று அடுக்கிய முக்கோண எண்கள்.

இதற்கான நிரூபணம் நம் வாசலிலேயே இருக்கிறது. சாணி தெளித்த வாசலில் ஐந்து புள்ளி, ஐந்து வரிசை வையுங்கள். நடுப்புள்ளியை விட்டுவிடுங்கள். மேல் வரிசை இரண்டில் இடப்பக்கமிருந்து மும்மூன்று புள்ளிகளை ஒரு பெட்டியாகப் பாருங்கள். இரண்டுக்கு மூன்று, ஆறு புள்ளி. அங்கே மீந்த வலப்பக்க மூலையிலிருந்து கீழ்நோக்கி இரண்டு நிரை, மும்மூன்று புள்ளி, அடுத்த பெட்டி. அப்படியே சுற்றி வந்தால் நடுப்புள்ளியைச் சுற்றிக் காற்றாடி போல நான்கு பெட்டிகள். ஆறு புள்ளிப் பெட்டி ஒவ்வொன்றையும் குறுக்கே படிக்கட்டாக வெட்டினால், ஒன்றும் இரண்டுமாக அடுக்கிய முக்கோணம் இரண்டு. ஆக எட்டு முக்கோணங்களும் ஒரு புள்ளியும். ஏழு புள்ளி ஏழு வரிசையானால் மூன்றுக்கு நான்கு என்ற பெட்டிகள், ஆறு புள்ளி முக்கோணங்கள். எந்த ஒற்றைப்படைச் சதுரமும் எட்டு முக்கோணமும் நடுவில் ஒன்றும்தான். அந்த எட்டுதான் எட்டடிமானத்தில் இடம் பெயர்ந்து நிற்கிறது. நடுப்புள்ளி கடைசி இலக்கமாகிறது.

இரட்டைப்படை எண்ணின் வர்க்கம் நான்கின் மடங்கு; எட்டில் எழுதினால் 0 அல்லது 4இல் முடியும். அப்படியானால் எந்த வர்க்கத்தின் கடைசி இலக்கமும் 0, 1, 4 என்ற மூன்றைத் தாண்டாது. மூன்று வர்க்கங்களைக் கூட்டுங்கள். இந்த மூன்றிலிருந்து எந்த மூன்றை எடுத்துக் கூட்டினாலும் ஏழில் முடியாது. முயன்று பார்க்கலாம், பத்தே சேர்க்கைகள். எனவே எட்டில் எழுதி ஏழில் முடியும் எந்த எண்ணையும் மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. நான்கால் வகுபடும் எண்ணானால், வகுபடும்வரை வகுத்துக்கொண்டே வந்து, நிற்கும் எண் ஏழில் முடிந்தால் அதற்கும் அதே விதி. மற்ற எல்லா எண்களுக்கும் மூன்று போதும் என்பது பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் 1798இல் தந்த தேற்றம். நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்று லக்ராஞ்ச் 1770இலேயே நிறுவியிருந்தார்.

இந்த இடத்தில் காவிரிக் கரைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ராமானுஜன் 1887 டிசம்பர் 22இல் பிறந்தது நாமக்கல் மாவட்டத்துக்கு எதிர்க்கரையிலுள்ள ஈரோட்டில், தாயின் பிறந்த வீட்டில். குடும்பத்தின் குலதெய்வம் நாமக்கல் மலைக்கோட்டை அடிவாரத்து நரசிம்மர் கோயிலில் இருக்கும் நாமகிரித் தாயார். நாமக்கல்லில் ராமானுஜன் பெயரைச் சொன்னால் பேச்சு தாயாரிடமும் கனவுகளிடமும் போய் நிற்கும். அந்தப் பக்தியை மதிக்கிறேன். ஆனால் அவர் எட்டையும் பதினாறையும் வைத்து என்ன செய்தார் என்பதையும் அந்த ஊர் அறிய வேண்டும். 1917இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் இதழில் வந்த கட்டுரை ஒன்றில், நான்கு வர்க்கங்களை வெவ்வேறு எண்களால் பெருக்கிக் கூட்டி எல்லா முழு எண்களையும் பெற எத்தனை வழிகள் உண்டு என்று கேட்டார். 55 என்று பட்டியலிட்டார். அதில் ஒன்று, 1, 2, 5, 5 என்ற பெருக்கிகளைக் கொண்டது, 15 என்ற எண்ணைத் தராது என்பதை டிக்சன் 1927இல் காட்டினார், ஆக 54. அந்தப் பதினைந்தை எட்டில் எழுதினால் 17.

அந்த வேலைக்கு ராமானுஜனின் அடிப்படைக் கருவி, மூன்று வர்க்கங்களுக்கு எட்டாத எண்களின் பட்டியல். முதல் வரிசையில் இருப்பது நாம் பார்த்த ஏழில் முடியும் எண்கள். இரண்டு வர்க்கத்தோடு மற்றொரு வர்க்கத்தின் இரண்டு மடங்கைக் கூட்டினால் விடுபடுபவை 14, 30, 46 போன்றவை. எட்டில் எழுதினால் 16, 36, 56. கடைசி இலக்கம் 6, அதற்கு முன்னது ஒற்றை. மூன்றாவது வர்க்கத்தைப் பத்தால் பெருக்கினால் விடுபடும் இரட்டை எண்கள் 6, 22, 38 போன்றவை. எட்டில் 6, 26, 46. கடைசி இலக்கம் 6, முன்னது இரட்டை. மீண்டும் மீண்டும் நான்கால் பெருக்கி வருபவையும் இவற்றோடு சேரும். ராமானுஜன் இவற்றைப் பதினாறின் மடங்கோடு ஆறு, பதினாறின் மடங்கோடு பதினான்கு என்று சூத்திரமாக எழுதினார். எட்டடிமானத்தில் அந்தச் சூத்திரம் இலக்கமாகவே கண்ணில் படுகிறது. கடைசியாகச் சொன்ன வடிவத்தில் ஒற்றை எண்கள் எந்த எளிய விதிக்கும் அடங்கவில்லை என்று அவர் எழுதி, 3, 7, 21, 31 என்று தொடங்கி அகப்பட்டவற்றைப் பட்டியலிட்டார். பின்னால் வந்தவர்கள் 679ஐயும் 2719ஐயும் சேர்த்தார்கள். 1997இல் கென் ஓனோவும் சென்னையில் வளர்ந்த கண்ணன் சவுந்தரராஜனும், பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோள் சரியென்றால், இந்தப் பதினெட்டு எண்களோடு பட்டியல் முடிகிறது என்று நிறுவினார்கள். அந்த 'என்றால்' இன்னும் விலகவில்லை.

ராமானுஜன் என்றால் 1729 நினைவுக்கு வராமல் போகாது. அதை எட்டில் எழுதினால் 3301. இலக்கங்களைக் கூட்டினால் 7. ஆகவே ஏழால் வகுபடும். 1729 என்பது 7 × 13 × 19. இரண்டு கனங்களின் கூட்டலாக அதை இரண்டு வழிகளில் எழுதலாம். பன்னிரண்டின் கனம் எட்டில் 3300, ஒன்றின் கனம் 1, சேர்ந்து 3301. இன்னொரு வழி, ஒன்பதின் கனமும் பத்தின் கனமும்: எட்டில் 1331, 1750. இவற்றைக் கூட்டும்போது எட்டு வந்ததும் ஒன்றை அடுத்த இடத்துக்குத் தள்ள வேண்டும், எட்டு ஆழாக்கு படியாவதுபோல. மறுபடியும் 3301.

சேலத்தின் 427 ஏழில் முடிகிறது. ஆகவே 279 புள்ளிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, மூன்று சதுரக் கோலங்களில் ஒன்றுகூட மிஞ்சாமல் வைத்துவிட யாராலும் முடியாது. நான்கு வேண்டும். பதினைந்து புள்ளி பதினைந்து வரிசை ஒன்று. ஏழு புள்ளி ஏழு வரிசை ஒன்று. இரண்டுக்கு இரண்டு ஒன்று. கடைசியில் ஒற்றைப் புள்ளி. வாசல் அவ்வளவு பெரிதில்லை என்றால் பதின்மூன்று, பத்து, மூன்று, ஒன்று என்றும் வைக்கலாம்.